தொழிற்சாலையில் பிறக்கும் வீடு: முன்தயாரிப்புக் கட்டுமானமும் பசுமையும்

முதலில் ஒரு சொல் பஞ்சாயத்து. 'பிரிஃபேப்' வீட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? மாணவர்கள் பெரும்பாலும் 'ரெடிமேட் வீடு' என்று எழுதிவிடுகிறார்கள். பேச்சுக்குச் சரி, கட்டுரைத் தாளில் இடறும். ரெடிமேட் சட்டை யாருக்கென்று தெரியாமல் தைத்துக் கடையில் தொங்கவிட்டது. இந்த வீட்டுக்கோ அளவெல்லாம் முன்பே முடிவாகிவிடும். இது இன்ன புளோக்கில், இன்ன மாடியில், இன்ன மூலைக்கு என்று எண் எழுதித்தான் செய்வார்கள். அதனால் 'முன்தயாரிப்பு வீடு' என்று எழுதுங்கள். 'முன்வார்ப்பு' என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. காங்கிரீட்டை முன்கூட்டியே அச்சில் ஊற்றி வார்த்தெடுப்பதை மட்டுமே அது குறிக்கும். எஃகிலோ மரத்திலோ செய்தால் அது முன்தயாரிப்பு, ஆனால் முன்வார்ப்பு ஆகாது. கருத்தறிதல் பகுதியில் இந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வந்தால் குழம்பிவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் உங்களுக்கு இது புதிய காட்சி இல்லை. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் எதிர்ப்பக்கக் கட்டடம் இரண்டு மாடி உயர்ந்திருக்கும். பாரந்தூக்கி ஒரு முழு அறையையே, ஜன்னல் கண்ணாடியோடு, அந்தரத்தில் சுமந்துகொண்டு போகும். பார்க்கிறோம், கைப்பேசியில் படம் எடுக்கிறோம். ஆனால் "இது ஏன் சுற்றுச்சூழலுக்கு உகந்தது?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், "மாசு குறையும், பசுமை பெருகும்" என்பதோடு பதில் நின்றுவிடுகிறது. எந்த மாசு, எங்கே குறையும், எவ்வளவு குறையும் என்று அடுத்த கேள்வி வந்தால் கை உதறுகிறது. அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வழக்கமான முறையை முதலில் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். தளத்திலேயே பலகை அடித்து அச்சு செய்ய வேண்டும். அதற்குள் கம்பி கட்ட வேண்டும். காங்கிரீட் ஊற்றி, அது இறுகக் காத்திருக்க வேண்டும். காங்கிரீட்டின் வலிமையை 28 நாள் கணக்கில்தான் அளப்பது வழக்கம். பிறகு பலகையைப் பிரித்து, மேல் மாடிக்குக் கொண்டுபோய் மறுபடி அடிக்க வேண்டும். இடையில் மழை வந்தால் வேலை நிற்கும். நம் ஊரில் மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? எல்லா மாடியும் எழுந்த பிறகுதான் பூச்சு, குழாய், மின்கம்பி, தரை ஓடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

முன்தயாரிப்பு இந்த வரிசையையே உடைத்துவிடுகிறது. தளத்தில் அடித்தளத் தூண்களை இறக்கிக்கொண்டிருக்கும்போதே, வேறொரு இடத்தில், கூரைக்கு அடியில், பதினைந்தாவது மாடியின் குளியலறை தயாராகிக்கொண்டிருக்கும். நேரம் மிச்சமாவதற்கு முதல் காரணம் இதுதான். யாரும் வேகமாக ஓடி வேலை செய்வதில்லை, இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன, அவ்வளவுதான். அச்சும் அங்கே எஃகில் இருக்கும். ஒரே அச்சைத் துடைத்து எண்ணெய் பூசித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். மரப்பலகை அச்சு சில முறைக்குப் பிறகு பிளந்துபோகும், குப்பைக்குத்தான் போகும்.

இதில் பல படிநிலைகள் உண்டு. சுவர்ப்பலகை, தளப்பலகை, படிக்கட்டு என்று தட்டையாகச் செய்து கொண்டுவந்து பொருத்துவது முதல் படி. ஓடு பதித்து, குழாய் பொருத்தி, முழுக் குளியலறையையே ஒரு பெட்டியாகக் கொண்டுவந்து இறக்குவது அடுத்தது. மூன்றாவதுதான் இன்று அதிகம் பேசப்படுவது. ஒரு படுக்கையறையோ கூடமோ, சுவர், தரை, கூரை, ஜன்னல் சட்டம், உள்ளே ஓடும் மின்கம்பி எல்லாம் சேர்ந்த முழுப் பெட்டியாகத் தொழிற்சாலையிலிருந்து வரும். தளத்தில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணைப்பார்கள். கட்டுமானத் துறையினர் இதைப் 'பிபிவிசி' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நாம் 'அறைக்கூறு முறை' என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் 'லீகோ வீடு' என்று சொல்லிப் புரியவைக்கலாம், ஆனால் அதையே கட்டுரையில் எழுதவிடாதீர்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, 1960இல் தொடங்கப்பட்டது. முன்தயாரிப்பை அது அந்தக் காலத்திலேயே முயன்று பார்த்தது. 1960களிலும் 70களிலும் செய்த முயற்சிகள் நிலைக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில்தான் பெரிய அளவில் காலூன்றியது. நம்மில் பலர் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடிகளின் சுவர்களும் படிக்கட்டுகளும் எங்கோ வார்க்கப்பட்டு லாரியில் வந்தவைதான். ஆக, 'நவீனத் தொழில்நுட்பம்' என்று கட்டுரையில் எழுதுமுன் கொஞ்சம் யோசியுங்கள். முழு அறையாகக் கொண்டுவருவது புதிது. துண்டு துண்டாகச் செய்து பொருத்துவது உங்கள் அம்மா அப்பா பள்ளிக்குப் போன காலத்திலேயே வந்துவிட்டது.

அறைக்கூறு முறைக்கு அரசாங்கம் உந்துதல் கொடுத்தது 2014இல். அந்த ஆண்டு நவம்பர் முதல், அரசாங்கம் விற்கும் குறிப்பிட்ட சில நிலங்களில் கட்டுவோர் இந்த முறையைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற நிபந்தனை வந்தது. சாங்கி விமான நிலையத்தின் கிரௌன் பிளாசா ஹோட்டலின் 10 மாடி விரிவாக்கம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நார்த் ஹில் மாணவர் விடுதி ஆகியவை எஃகு அறைக்கூறுகளால் எழுந்த தொடக்கக் கட்டடங்கள். வீவக வீடுகளில் யீஷூனில் உள்ள வேலி ஸ்பிரிங் இந்த முறையில் கட்டப்பட்ட முதல் திட்டம்.

கிளமெண்டியில் உள்ள கிளமெண்ட் கேனபி என்ற கூட்டுரிமை வீட்டின் கதையை வகுப்பில் சொல்லலாம், நன்றாக எடுபடும். 40 மாடி, இரண்டு கோபுரங்கள், 505 வீடுகள். 2019இல் கட்டி முடிந்தது. இதற்கான காங்கிரீட் பெட்டிகள் ஜொகூரிலுள்ள செனாயில் வார்க்கப்பட்டன. எல்லை தாண்டித் துவாஸுக்கு வந்து, அங்கே ஓடு, வண்ணம், குழாய், மின்கம்பி எல்லாம் முடிந்து, பிறகு கிளமெண்டிக்குப் போயின. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள். ஒவ்வொன்றும் பல யானைகளின் எடை, ஏறத்தாழ 30 டன் வரை. நாற்பதாவது மாடியில் தூங்குகிறவரின் படுக்கையறை ஒரு காலத்தில் நெடுஞ்சாலையில் லாரி மேல் பயணம் செய்தது என்று சொல்லிப் பாருங்கள், பின்வரிசைப் பையனும் நிமிர்ந்து உட்காருவான். அதற்குப் பின் வந்த அவென்யூ சவுத் ரெசிடென்ஸ் 56 மாடிகளோடு இன்னும் உயரம் போய்விட்டது.

சரி, இது பசுமையா?

இங்கேதான் நிதானமாகப் பேச வேண்டும். காங்கிரீட்டின் உயிர் சிமெண்டு. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டுச் சிமெண்டு செய்கிறார்கள். அந்த வெப்பத்துக்கு எரிக்கும் எரிபொருளிலிருந்து கரியமில வாயு வரும். அது போதாதென்று, சுண்ணாம்புக் கல் சூட்டில் பிரியும்போது கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வெளியேறும். வெளியேற்றத்தில் பாதிக்கும் மேல் இந்த இரண்டாவது வகைதான். சூரிய சக்தியில் சூளையை எரித்தாலும் கல்லிலிருந்து வருவது வந்தே தீரும். உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் சிமெண்டின் பங்கு மட்டும் 7, 8 விழுக்காடு.

இப்போது கேளுங்கள்: சுவரைத் தளத்தில் வார்த்தால் என்ன, செனாயில் வார்த்தால் என்ன, சிமெண்டு சிமெண்டுதானே? ஆமாம். அறைக்கூறு முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் அதனதன் சுவர் இருக்கும். இரண்டு பெட்டிகளை ஒட்டி வைக்கும்போது நடுவில் இரட்டைச் சுவர் வந்துவிடும். கவனமாக வடிவமைக்காவிட்டால் பொருள் கூடத்தான் செய்யும். 'முன்தயாரிப்பு வீடு என்றாலே பசுமை வீடு' என்று எழுதும் கட்டுரைக்கு நான் கருத்துக்கான மதிப்பெண்ணை முழுதாகத் தரமாட்டேன். விளம்பரத்தை நம்பி எழுதியது அது.

உண்மையில் மிச்சமாவது எது? தளத்தில் வெட்டிப் போடும் கம்பித் துண்டு, கொட்டி வீணாகும் கலவை, உடைந்த ஓடு ஆகியவை குறையும். தொழிற்சாலையில் அளந்து வெட்டுகிறார்கள், மீந்தது அடுத்த பெட்டிக்குப் போகும். இங்கே ஒரு எச்சரிக்கை. "கட்டுமானக் கழிவெல்லாம் செமக்காவ் தீவில் குவிகிறது" என்று எழுதாதீர்கள். நம் நாட்டில் கட்டட இடிபாடுகள் ஏறத்தாழ முழுவதும் மறுபயனீடு செய்யப்படுகின்றன. ஆகவே வாதத்தைக் குப்பையில் தொடங்குவதைவிட மணலில் தொடங்குங்கள். மணலும் கருங்கல்லும் நாம் இறக்குமதி செய்பவை. 2007இல் இந்தோனீசியா நிலமணல் ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே காங்கிரீட் விலை தாறுமாறாக ஏறியது. வீணாக்காமல் வார்ப்பது நமக்குப் பிழைப்புப் பிரச்சினை. எஃகு உருக்காலையில் மிஞ்சும் கசடைப் பொடியாக்கிச் சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்ப்பதும் உண்டு. கலவையின் அளவும் சூடும் கட்டுப்பாட்டில் இருக்கும் தொழிற்சாலையில் இதைச் சரியாகச் செய்வது எளிது.

அக்கம்பக்கத்தாருக்கும் ஆறுதல் உண்டு. தூசியும் துளையிடும் சத்தமும் தொழிற்சாலைக்குப் போய்விடும். குடியிருப்புக்கு அருகே ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கட்டுமான வேலைக்குத் தடை இருப்பதே சத்தம் எவ்வளவு பெரிய தொல்லை என்பதைக் காட்டுகிறது. தளம் திறந்து கிடக்கும் காலம் குறைந்தால் தேங்கும் தண்ணீரும் குறையும், ஏடிஸ் கொசுவுக்கும் இடம் குறையும். டெங்கியைப் பற்றி எழுதும் கட்டுரைக்கு இது நல்ல இணைப்பு. வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

வீடு எழுந்த பிறகு அது எத்தனை ஆண்டு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் வெயிலில் பெரும்பங்கு குளிரூட்டிக்கே போகும். மேற்கு வெயில் நேராக விழாதபடி வடக்கு தெற்காகக் கட்டடத்தைத் திருப்பி வைப்பது, ஜன்னலுக்கு மேல் நிழல்தட்டு வைப்பது, ஒரு ஜன்னலில் புகுந்த காற்று எதிர் ஜன்னலில் வெளியேற வழி விடுவது எல்லாம் பழைய வித்தைகள். அவற்றுக்கும் முன்தயாரிப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கட்டட, கட்டுமான ஆணையம் 2005 முதல் தரும் பசுமைக் குறியீட்டுச் சான்றிதழ் எரிசக்திச் சிக்கனத்துக்கு முக்கிய இடம் தருவதும் இதனால்தான். பொங்கோலில் வீவக கட்டிய டிரீலாட்ஜ் குடியிருப்பில் சூரியத் தகடு, மழைநீர்ச் சேகரிப்பு, செடிகள் நிறைந்த தளம் எல்லாம் சேர்ந்தே வந்தன. ஒன்றை மட்டும் வைத்துப் பசுமை வீடு என்று சொல்ல முடியாது.

காங்கிரீட்டை விட்டு மரத்துக்குப் போனால் கணக்கு மாறும். மரம் வளரும்போது காற்றிலிருந்து உறிஞ்சிய கரியைத் தன்னுள்ளேயே பூட்டி வைத்திருக்கும். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசையிட்டு அழுத்திச் செய்யும் பொறியியல் மரம் பெரிய கட்டடத்தையே தாங்கும். நன்யாங் வளாகத்தில் 2017இல் திறந்த தி வேவ் விளையாட்டு அரங்கமும், 2023இல் திறந்த காயா கட்டடமும் இப்படி எழுந்தவை. காயாவின் பரப்பு 43,500 சதுர மீட்டர். கழகத்தில் படித்த ஆசிரியர்கள் பலர் அந்தப் பக்கம் நடந்திருப்பீர்கள். ஆனால் மரம் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வர வேண்டும். வந்த பிறகு நம் ஈரக்காற்றும் பூஞ்சையும் கரையானும் காத்திருக்கும். நன்றாகப் பராமரித்தால்தான் அந்தக் கரி கட்டடத்துக்குள்ளேயே இருக்கும். மட்கினாலும் எரிந்தாலும் மறுபடி காற்றுக்கே போய்விடும்.

மரத்தைப் பற்றிப் பேசும்போது மலாய்க் கம்பத்து வீட்டை விட்டுவிட முடியாது. தூணும் உத்திரமும் ஆணி இல்லாமல் வெட்டிப் பொருத்தப்பட்டவை. வேண்டுமென்றால் கழற்றி வேறிடத்தில் மறுபடி பூட்டலாம். ஊரே கூடி முழு வீட்டையும் தோளில் சுமந்து இடம் மாற்றும் வழக்கமும் உண்டு. கழற்றிப் பூட்டத்தக்க வீடு என்ற எண்ணம் இந்தத் தீபகற்பத்து மண்ணிலேயே இருந்திருக்கிறது. தரைக்குக் கீழே காற்றோட்டம், வெள்ளம் வந்தாலும் பயமில்லை. இதைவிடப் பசுமையான முன்தயாரிப்பு வீட்டை நீங்கள் காட்டுங்கள் பார்ப்போம்.

விவாதக் கட்டுரைக்கு எதிர்வாதமும் தேவை. அதில் முதலாவது இணைப்பு. பெட்டியோ பலகையோ எவ்வளவு உறுதியாக இருந்தாலும், இரண்டும் சேரும் இடம் பலவீனமாக இருந்தால் எல்லாம் வீண். 1968 மே 16ஆம் தேதி காலை, லண்டனின் ரோனன் பாய்ண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், பதினெட்டாவது மாடி வீட்டில் எரிவாயு வெடித்தது. சிறிய வெடிப்புதான். ஆனால் சுமைதாங்கும் முன்வார்ப்புச் சுவர்ப்பலகை வெளியே தள்ளப்பட்டதும், அதன் மேலிருந்த மாடிகள் சரிந்தன. அவை விழுந்த எடையில் கீழிருந்தவையும் சரிந்தன. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டுபோல இறங்கியது. நால்வர் இறந்தனர். மக்கள் குடியேறிச் சில மாதங்களே ஆன கட்டடம் அது. ஒரு சுவர் போனால் மற்றவை தாங்கி நிற்க வேண்டும் என்று கட்டட விதிகளே அதன்பின் மாற்றி எழுதப்பட்டன. இன்று நம் கட்டடங்களில் இணைப்புகளுக்குள் கம்பி செருகி, சுருங்காத கலவை ஊற்றி இறுக்குவதற்குப் பின்னால் அந்தக் காலைப்பொழுது இருக்கிறது.

இரண்டாவது, வீட்டுக்காரர் கோணம். புது வீடு கிடைத்ததும் நம்மவர்கள் முதலில் செய்வது என்ன? சமையலறைச் சுவரை இடித்து விசாலமாக்குவது. அறைக்கூறு வீட்டில் பல சுவர்கள் சுமை தாங்குபவை, கைவைக்க முடியாது. தாத்தா பாட்டி வந்து சேர்ந்தாலும், பிள்ளைகள் பெரிதாகிப் போனாலும் அறைகளின் அளவு அப்படியேதான் இருக்கும். வாங்கும்போதே வரைபடத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

மூன்றாவது, சார்ந்திருத்தல். 2020இல் கொவிட் பரவி எல்லை மூடியபோது, ஜொகூரிலிருந்து வர வேண்டிய கூறுகளும் தாமதமாயின, ஆட்களும் வர முடியவில்லை. புது வீட்டுக்குப் பதிந்து காத்திருந்த இளந்தம்பதியரைக் கேட்டால் தெரியும்.

கடைசியாக, அந்தப் பெட்டிகளைச் செய்பவர்கள். நம் கட்டுமானத் தளங்களில் தமிழகத்திலிருந்து வந்த அண்ணன்மார் ஏராளம். உயரத்திலிருந்து விழுவது கட்டுமானத்தில் உயிர் குடிக்கும் விபத்துகளில் முக்கியமான ஒன்று. முப்பதாவது மாடியின் விளிம்பில் நின்று பூச வேண்டிய சுவரை, தொழிற்சாலையில் தரையில் நின்று, கூரைக்கு அடியில், வெயிலும் மழையும் படாமல் பூசலாம் என்றால் அது சின்ன விஷயமா? என்னைக் கேட்டால், கரியமில வாயுக் கணக்கைவிட இந்த வாதத்துக்கே முதலிடம் தருவேன். அதே சமயம் 30 டன் பெட்டி தலைக்கு மேல் ஆடும்போது கீழே நிற்பவருக்குப் புதிய ஆபத்தும் உண்டு. தேவைப்படும் ஆள்கணக்கும் குறையும். அதை நம்பி ஊரில் கடன் வாங்கி வந்தவருக்கு அது என்ன ஆகும் என்பதையும் மாணவர்கள் யோசிக்கட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. கட்டுமானச் சொற்களுக்கு அகராதியைப் புரட்டுமுன் அந்த அண்ணன்மாரிடம் கேட்கலாம். சாரம், தூக்குக்குண்டு, ரசமட்டம், ஜல்லி, கொத்தனார், சித்தாள், 'பலகை அடிக்கிறது', 'கம்பி கட்டுறது' எல்லாம் அவர்கள் நாவில் உயிரோடு இருக்கின்றன. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ரசமட்டம் என்றால் என்ன என்று தெரியும்? சுவரோ தரையோ மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, நடுவில் குமிழி ஓடுமே, அந்தக் கருவிதான். இந்தச் சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். பாரந்தூக்கி ஒரு பெட்டியைத் தூக்கும் காணொளியை ஒலி இல்லாமல் ஓடவிட்டு, மாணவரை நேர்முக வருணனை செய்யச் சொல்லுங்கள். 'வச்சாங்க', 'தூக்குறாங்க' என்று தொடங்கட்டும், பரவாயில்லை. இரண்டாவது முறை அதையே 'பொருத்துகிறார்கள்', 'இணைக்கிறார்கள்', 'அடுக்குகிறார்கள்' என்று எழுத்துத் தமிழுக்கு மாற்றட்டும்.

உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு இரண்டு கேள்விகள் தருகிறேன். உங்கள் பேட்டையில் ஒரு புதிய கட்டடம் அறைக்கூறு முறையில் எழப்போகிறது. அதற்கு எதிர்ப்பக்கம் வசிக்கும் ஒரு மூதாட்டி உங்களிடம் விவரம் கேட்கிறார். சத்தம், தூசி, காலம் ஆகிய மூன்றையும் பற்றி அவருக்குப் புரியும்படி பேச்சுத்தமிழில் இரண்டு நிமிடம் விளக்குங்கள். அடுத்து, 'சுவரை இடிக்க முடியாத வீட்டை வாங்குவீர்களா?' என்ற தலைப்பில் 300 சொற்களில் எழுதுங்கள். இதில் 'பசுமை' என்ற சொல்லை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தலாம்.